உலகக் கோப்பைப் பந்தும் நம்ம கடப்புறத்துப் பந்தும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். பெரும்பாலான உலகக் கோப்பைகளும் அதே மாதங்களில்தான் வருகின்றன. வழக்கமாக ஆழ்கடலில் தங்கல் கிடப்பவர்கள் கரையில் இருப்பார்கள். நீரோடி, தூத்தூர், இனயம், குளச்சல் என்று ஊர் ஊராக பிரேசில், அர்ஜென்டினா கொடிகள் பறக்கும். ராத்திரி ஆட்டம் பார்த்துவிட்டுக் காலையில் பந்தோடு கிரவுண்டுக்கு வரும் பிள்ளைகளிடம் ஆயிரம் கேள்விகள் இருக்கும். எங்கள் ஊர் அணிக்குப் பந்து வாங்குவதும், காற்றடித்துப் பாதுகாப்பதும் என் பொறுப்பு என்பதால், பந்தைப் பற்றிய கேள்விகள் என்னிடம் வந்து சேர்கின்றன. திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

அதிகாரப்பூர்வப் பந்து என்றால் என்ன? அதற்கென்று தனி அளவு உண்டா?

கிடையாது. ஆட்ட விதிகளில் இரண்டாவது விதி பந்தைப் பற்றியது. சுற்றளவு 68 முதல் 70 செ.மீ., ஆட்டம் தொடங்கும்போது எடை 410 முதல் 450 கிராம், உள்ளே காற்றழுத்தம் 0.6 முதல் 1.1 வளிமண்டல அழுத்தம். உலகக் கோப்பை இறுதியாட்டத்துக்கும் இதுதான், நம்ம ஊர்த் திருவிழாவில் நடக்கும் மின்னொளிப் போட்டிக்கும் இதுதான். நாம் அஞ்சாம் நம்பர் பந்து என்று கேட்டு வாங்குவது இந்த அளவைத்தான்.

ஒரு போட்டித் தொடரை நடத்துகிறவர்கள் எல்லா ஆட்டங்களுக்கும் ஒரே மாதிரிப் பந்தைத் தேர்ந்தெடுத்து அறிவித்தால் அது அந்தத் தொடரின் அதிகாரப்பூர்வப் பந்து. ஒவ்வொரு தொடருக்கும் அது வேறு வேறு. 2024 ஐரோப்பியக் கோப்பையில் அடிடாஸ் பந்து, அதே ஆண்டு கோபா அமெரிக்காவில் பூமா பந்து. உலகக் கோப்பையில் மட்டும் 1970 முதல் தொடர்ந்து அடிடாஸ்.

அதற்கு முன்னால் யார் பந்து கொடுத்தார்கள்?

போட்டி நடத்தும் நாட்டின் நிறுவனமே பெரும்பாலும் கொடுத்தது. அந்தக் காலத்துக் கதைகள் எனக்கு மிகவும் பிடித்தவை, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1930-ல் முதல் உலகக் கோப்பை இறுதியாட்டம் உருகுவேயின் மான்டிவிடியோவில் நடந்தது. உருகுவேயும் அர்ஜென்டினாவும் மோதின. எந்தப் பந்தில் ஆடுவது என்று இரண்டு அணிகளும் ஒத்துப்போகவில்லை. கடைசியில் முதல் பாதிக்கு அர்ஜென்டினா கொண்டுவந்த பந்து, இரண்டாம் பாதிக்கு உருகுவேயின் பந்து என்று முடிவானது. இடைவேளையின்போது அர்ஜென்டினா 2-1 என முன்னிலை. பந்து மாறியது, உருகுவே 4-2 என ஜெயித்தது. பந்துதான் ஜெயிக்க வைத்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பழகிய பந்து காலுக்கு எவ்வளவு முக்கியம் என்று ஆடுகிறவர்களுக்குத் தெரியும்.

அன்றைய பந்து தோலால் ஆனது. உள்ளே காற்றைப் பிடித்து வைக்கும் ரப்பர் பை, அதாவது பிளாடர் வைத்து, வாயைத் தோல் வாரால் கோத்துக் கட்டுவார்கள். அந்தக் கட்டு இருக்கும் இடத்தில் தலை பட்டால் நெற்றி கிழியும். 1934-ல் இத்தாலியில் தோல் வாருக்குப் பதிலாகப் பருத்திக் கயிறு வந்தது. 1950-ல் பிரேசிலில் கட்டே இல்லாத, வால்வு வழியாகக் காற்றடிக்கும் பந்து வந்தது. நாம் இன்று ஊசி செருகிக் காற்றடிப்பது அந்த வழிதான்.

1962-ல் சிலியில் நடந்தது இன்னொரு கதை. உள்ளூர்ப் பந்து முதல் ஆட்டத்தின் நடுவர் கென் ஆஸ்டனுக்குத் திருப்தியாக இல்லை. ஐரோப்பியப் பந்து ஒன்றை வரவழைக்கச் சொன்னார், அது இரண்டாம் பாதியில்தான் வந்து சேர்ந்தது. அந்தத் தொடர் முழுவதும் ஆட்டத்துக்கு ஆட்டம் பந்து மாறிக்கொண்டே இருந்தது. 1966-ல் இங்கிலாந்து கோப்பை வென்ற இறுதியாட்டத்தின் பந்து ஆரஞ்சு நிறம், 25 துண்டுகளால் ஆனது. அதை ஜெர்மனி வீரர் ஹெல்முட் ஹாலர் தன்னோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார். 30 ஆண்டுகள் கழித்து, 1996-ல்தான் அது இங்கிலாந்துக்குத் திரும்பியது.

கால்பந்து என்று படம் வரையச் சொன்னால் எல்லாரும் கறுப்பு வெள்ளையில் வரைகிறார்களே, ஏன்?

அது 1970 மெக்சிகோ உலகக் கோப்பையின் டெல்ஸ்டார் பந்து. 12 கறுப்பு ஐங்கோணங்கள், 20 வெள்ளை அறுகோணங்கள், மொத்தம் 32 துண்டுகள். அந்த உலகக் கோப்பை வண்ணத்தில் ஒளிபரப்பானாலும் பெரும்பாலான வீடுகளில் இருந்தது கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி. பழுப்பு நிறப் பந்து திரையில் புல்லோடு கலந்து காணாமல் போகும். கறுப்புப் புள்ளிகள் சுழலும்போது பந்து எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குப் பிடிபட்டது. பெயரும் டெல்ஸ்டார் என்ற தகவல்தொடர்புச் செயற்கைக்கோளிலிருந்து வந்ததுதான்.

மெக்சிகோவுக்கு அடிடாஸ் கொடுத்தது வெறும் 20 பந்துகள். சில ஆட்டங்களில் வேறு நிறப் பந்துகள்தான் ஓடின.

மழையில் அந்தத் தோல் பந்துகள் என்ன ஆகும்?

தண்ணீர் குடித்துக் கனக்கும். இடவப்பாதி மழையில் சேறும் சகதியுமான கிரவுண்டில் நம்ம பிள்ளைகள் ஆடுவதைப் பாருங்கள். அதே மழையில் 1950-களின் தோல் பந்தோடு ஆடினால், இரண்டாம் பாதியில் அதைத் தலையால் முட்டவே பயப்படுவார்கள்.

இதைச் சரிசெய்யப் பல ஆண்டுகள் ஆனது. 1974-ல் தோலுக்கு மேல் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகைப் பூச்சு வந்தது. 1982-ல் ஸ்பெயினில் ஆடிய டாங்கோ எஸ்பானாவில் தையல் இடுக்குகளுக்கு மேல் ரப்பர் பூசினார்கள். தோலில் செய்த கடைசி உலகக் கோப்பைப் பந்து அதுதான். 1986-ல் மெக்சிகோவில் வந்த அஸ்டெக்கா முழுக்க முழுக்கச் செயற்கைப் பொருளால் ஆனது. மாரடோனா இங்கிலாந்துக்கு எதிராக அடித்த இரண்டு கோல்களும் அந்தப் பந்தில்தான்.

முன்பு 32 துண்டு, இப்போது 4 துண்டு என்கிறார்கள். துண்டு குறைந்தால் பந்து நல்லதா?

எண்ணிக்கை இப்படி மாறியது: 1970-ல் 32. 2006 ஜெர்மனியில் டீம்கைஸ்ட் 14. 2010 தென்னாப்பிரிக்காவில் ஜபுலானி 8. 2014 பிரேசிலில் பிரசூகா 6, 2018 ரஷ்யாவில் டெல்ஸ்டார் 18-க்கும் 6. 2022 கத்தாரில் அல் ரிஹ்லா 20. 2026 போட்டிக்கான டிரியோண்டா 4. குறைந்துகொண்டே வந்து, கத்தாரில் கூடி, மறுபடி குறைந்திருக்கிறது.

2006-ல்தான் பெரிய மாற்றம். அதுவரை உலகக் கோப்பைப் பந்தின் துண்டுகளை நூலால் தைத்தார்கள். டீம்கைஸ்டில் சூடாக்கி ஒட்டினார்கள். நூல் ஓட்டை இல்லாததால் தண்ணீர் உள்ளே போவது மிகவும் குறைந்தது. உருண்டை வடிவமும் சீரானது.

ஆனால் துண்டுகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் விஷயம் பிடிபடாது. காற்றில் பந்தின் போக்கைத் தீர்மானிப்பது இணைப்புக் கோடுகளின் மொத்த நீளம், அவற்றின் ஆழம், மேற்பரப்பின் சொரசொரப்பு ஆகிய மூன்றும்தான். ஜபுலானியில் 8 துண்டு, பிரசூகாவில் 6. அப்படியிருந்தும் பிரசூகாவின் இணைப்புக் கோடுகள் ஜபுலானியில் இருந்ததைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் நீளம். துண்டுகள் நேர்கோட்டில் சேராமல் வளைந்து வளைந்து சேர்வதுதான் காரணம்.

ஜபுலானியை ஏன் எல்லாரும் திட்டினார்கள்?

பந்து மிகவும் வழுவழுப்பாக இருந்தது. கோல்கீப்பர்கள்தான் அதிகம் புலம்பினார்கள். பிரேசில் கீப்பர் ஜூலியோ சீசர், கடைத்தெருவில் கிடைக்கும் மலிவுப் பந்து மாதிரி இருக்கிறது என்ற அர்த்தத்தில் பேசினார்.

காரணம் காற்றில் இருக்கிறது. பந்து பறக்கும்போது அதன் மேற்பரப்பை ஒட்டி மெல்லிய காற்றுப் படலம் ஓடும். வேகம் குறைவாக இருந்தால் அந்தப் படலம் சீராக ஓடி, பாதி வழியிலேயே பந்தை விட்டுப் பிரிந்துவிடும். பின்னால் அகலமான சுழல் உண்டாகும், வள்ளம் போகும்போது பின்னால் அகன்று எழும் நுரை மாதிரி. அந்தச் சுழல் பந்தைப் பின்னுக்கு இழுக்கும். வேகம் ஒரு அளவைத் தாண்டினால் படலம் கொந்தளித்து, பந்தின் பின்பக்கம் வரை ஒட்டிக்கொண்டு வரும். அப்போது சுழல் சிறுத்து, இழுவை சட்டென்று குறையும்.

இந்த மாற்றம் எந்த வேகத்தில் நடக்கிறது என்பதுதான் முக்கியம். மேற்பரப்பு சொரசொரப்பாக இருந்தால் குறைந்த வேகத்திலேயே நடந்துவிடும். வழுவழுப்பாக இருந்தால் அதிக வேகம் வேண்டும். நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் பந்துகளைச் சோதித்தபோது, ஜபுலானி மணிக்கு சுமார் 80 முதல் 88 கி.மீ. வேகத்தில் தடுமாறுவது தெரிந்தது. பிரசூகாவுக்கு அந்த வேகம் 50 கி.மீ. அளவுதான். ஃப்ரீ கிக் அடிக்கும்போது பந்து போகும் வேகத்தை யோசித்துப் பாருங்கள். ஜபுலானி தடுமாறிய வேகமும் அதுவும் ஒன்றாக அமைந்துவிட்டன. சுழற்சி இல்லாமல் அடித்த பந்தில், ஒரு பக்கம் இணைப்புக் கோடு வந்தால் அந்தப் பக்கம் மட்டும் படலம் கொந்தளிக்கும், மறுபக்கம் சீராக இருக்கும். பந்து இடமும் வலமுமாக அலையும். கீப்பர் எந்தப் பக்கம் கை நீட்டுவார்?

இதோடு ஜோகன்னஸ்பர்க் போன்ற நகரங்கள் கடல் மட்டத்துக்கு 1,700 மீட்டருக்கு மேல் இருக்கின்றன. அங்கே காற்று அடர்த்தி குறைவு. பந்து வேகமாகப் போகும், வளைவதும் குறைவு.

ஆனாலும் அதே பந்தை உருகுவேயின் டியாகோ ஃபோர்லான் அழகாக வசப்படுத்தினார். தூரத்திலிருந்து கோல் அடித்தார், ஐந்து கோல்களோடு தொடரின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்து விருதையும் வாங்கினார். அதனால் பந்தின் மீது மட்டும் பழி போடுவதை நான் ஏற்கவில்லை. புதுப் பந்தைப் பழக எல்லா அணிகளுக்கும் போதுமான நாட்கள் கொடுக்க வேண்டும், அதுதான் நியாயம். பிரசூகாவை 600-க்கும் மேற்பட்ட வீரர்களிடம் கொடுத்து முன்கூட்டியே சோதித்தார்கள்.

அண்ணே, ஆரல்வாய்மொழிப் பக்கம் ஆடினால் பந்து நிற்கவே மாட்டேன் என்கிறது. நல்ல பந்து வாங்கினால் சரியாகுமா?

ஆகாது தம்பி. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. ஆடி மாதம் அங்கே எந்தப் பந்தும் காற்றின் போக்கில்தான் போகும். எடை சரியான பந்து என்றால் கொஞ்சம் தாங்கும். 350 கிராம் மலிவுப் பந்து காகிதம் மாதிரி பறக்கும். காற்றுக்கு எதிராக ஆடும் பாதியில் பந்தைத் தரையோடு ஆடுங்கள்.

சுழல விட்டு அடித்த பந்து வளைவது வேறு விஷயம். சுழலும் பந்து காற்றை ஒரு பக்கமாகத் தள்ளும், பந்து எதிர்ப் பக்கமாக ஒதுங்கும். இதை மேக்னஸ் விளைவு என்பார்கள். கடல் மட்டத்தில் காற்று அடர்த்தி அதிகம் என்பதால் குமரிக் கடற்கரையில் பந்து நன்றாகவே வளையும்.

பந்துக்குள் சிப் வைத்திருக்கிறார்களாமே?

ஆமாம். 2018 பந்தில் இருந்தது கைப்பேசியை அருகில் காட்டினால் தகவல் காட்டும் சிறிய சிப் மட்டும்தான், ஆட்டத்துக்கு அது உதவவில்லை. 2022 அல் ரிஹ்லாவில் பந்தின் நடு மையத்தில் ஒரு உணரியைத் தொங்கவிட்டிருந்தார்கள். பந்தின் அசைவை அது நொடிக்கு 500 தடவை பதிவுசெய்து அனுப்பும். யாரோ பந்தை உதைத்த அந்தத் துல்லியமான கணம் எது என்று அதில் தெரிந்துவிடும். அரங்கக் கூரையின் கீழ் 12 கேமராக்கள் வீரர்கள் நிற்கும் இடத்தைக் கண்காணிக்கும். இரண்டையும் சேர்த்தால் ஆஃப்சைடு கணக்கு கிடைக்கும். முதல் ஆட்டத்திலேயே கத்தாருக்கு எதிராக ஈக்வடார் அடித்த கோல் இப்படித்தான் ரத்தானது.

அதே தொடரில் போர்ச்சுகல், உருகுவே ஆட்டத்தில் புரூனோ ஃபெர்னாண்டஸ் அனுப்பிய பந்து கோலுக்குள் போனது. ரொனால்டோ தன் தலையில் பட்டதாகக் கொண்டாடினார். பந்துக்குள் இருந்த உணரியில் எந்தத் தொடுதலும் பதிவாகவில்லை என்று அடிடாஸ் அறிவித்தது. கோல் ஃபெர்னாண்டஸ் பெயரில் நின்றது. இந்த விஷயத்தில் நம்ம ஊரில் இன்னும் சண்டை ஓயவில்லை.

டிரியோண்டாவில் உணரி மையத்தில் இல்லை, ஒரு துண்டின் உட்புறத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் கனக்காமல் இருக்க மற்றத் துண்டுகளிலும் ஈடு எடை வைத்திருக்கிறார்கள். இந்தப் பந்துகளுக்கு ஆட்டத்துக்கு முன் சார்ஜ் ஏற்ற வேண்டும். கடையில் வாங்கும் பந்தில் அந்த உணரியை எதிர்பார்க்காதீர்கள்.

இந்தப் பந்துகளை எங்கே செய்கிறார்கள்? இந்தியாவில் செய்வதில்லையா?

பிரசூகா, டெல்ஸ்டார் 18, அல் ரிஹ்லா மூன்றும் பாகிஸ்தானின் சியால்கோட்டில் உருவானவை. கையால் தைத்த பந்துகளுக்கு உலகப் புகழ் பெற்ற ஊர் அது. 1947 பிரிவினையில் அங்கிருந்து வந்த கைவினைஞர்களும் வியாபாரிகளும் பஞ்சாபின் ஜலந்தரில் தொழிலைத் தொடங்கினார்கள். இன்று ஜலந்தரும் உத்தரப் பிரதேசத்தின் மீரட்டும் இந்திய விளையாட்டுப் பொருள்களின் மையங்கள். நாகர்கோவில், மார்த்தாண்டம் கடைகளில் நாம் வாங்கும் நிவியா பந்து ஜலந்தர் நிறுவனத்துடையது.

இதில் மறக்கக்கூடாத பக்கம் ஒன்று உண்டு. 1990-களில் சியால்கோட்டில் சிறு பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்து பந்து தைத்தது வெளியே தெரிந்து உலகமே அதிர்ந்தது. 1997-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் யுனிசெப்பும் சியால்கோட் வர்த்தக சபையும் சேர்ந்து, குழந்தைகளைத் தையலிலிருந்து விலக்குவதற்கான அட்லாண்டா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. வீட்டுத் தையலை மாற்றி, கண்காணிக்கக்கூடிய தையல் கூடங்கள் வந்தன. நம்ம பிள்ளைகள் ஆடும் பந்தை வேறொரு பிள்ளை படிப்பை விட்டுத் தைத்திருக்கக்கூடாது. பெயர் தெரியாத மலிவுப் பந்தைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

பந்தில் ஃபிஃபா முத்திரை இருக்கிறதே, அது எதற்கு?

சோதனையில் தேறிய பந்து என்பதற்கு. ஃபிஃபா பேசிக், ஃபிஃபா குவாலிட்டி, ஃபிஃபா குவாலிட்டி புரோ என்று மூன்று நிலைகள். புரோ நிலைக்குச் சுற்றளவு 68.5 முதல் 69.5 செ.மீ.க்குள், எடை 420 முதல் 445 கிராமுக்குள் இருக்க வேண்டும், விதியில் சொன்னதைவிட இறுக்கமான எல்லை.

அப்புறம் பந்தை 2 மீட்டர் உயரத்திலிருந்து இரும்புத் தகட்டில் விடுவார்கள். 135 முதல் 155 செ.மீ. வரை எழ வேண்டும். தண்ணீரில் வைத்து 250 தடவை அழுத்தி உருட்டுவார்கள், எடை 10 சதவீதத்துக்கு மேல் கூடக்கூடாது. காற்றடித்து மூன்று நாள் வைத்தால் அழுத்தம் 20 சதவீதத்துக்கு மேல் இறங்கக்கூடாது. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் இரும்புத் தகட்டின் மேல் 2,000 தடவை சுட்டு, அதற்குப் பிறகும் வடிவம் கெடவில்லையா என்று பார்ப்பார்கள். என் மனதில் மதிப்பு இந்தச் சோதனைக்குத்தான். அதிகாரப்பூர்வப் பந்தின் பெருமை அதன் வண்ணத்தில் இல்லை. எந்தப் பக்கம் உதைத்தாலும், எந்தப் பந்தை எடுத்தாலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும், அதுதான் அதன் பெருமை.

கடையில் 800 ரூபாய்க்கு உலகக் கோப்பைப் பந்து கிடைக்கிறது. ஒரிஜினலா?

வீரர்கள் ஆடும் பந்து அல்ல, அது நிச்சயம். டிரியோண்டாவின் புரோ வகை அமெரிக்காவில் 170 டாலர். அடிடாஸே அதே படத்தை அச்சிட்டு லீக், டிரெய்னிங், கிளப் என்று கீழ் நிலைகளிலும் விற்கிறது. கிளப் வகை இயந்திரத் தையல் போட்ட சாதாரணப் பந்து. அது ஏமாற்று அல்ல, ஆனால் அது வேறு பந்து. இவை தவிர நகல்களும் தாராளமாகக் கிடைக்கின்றன, அவற்றில் ஃபிஃபா முத்திரையையும் சேர்த்தே அச்சடித்திருப்பார்கள்.

கடையிலேயே பார்க்கச் சில வழிகள் உண்டு. காற்றடித்து மளிகைக் கடைத் தராசில் வையுங்கள். 410 கிராமுக்குக் கீழே என்றால் வேண்டாம். தையல் நாடாவால் குறுக்கும் நெடுக்கும் சுற்றளவு எடுங்கள், இரண்டு அளவுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் பந்து உருண்டை இல்லை. மேலே சுழற்றிப் போட்டுப் பாருங்கள், நல்ல பந்து ஆடாமல் அசையாமல் சுழலும். வால்வைச் சுற்றிப் புடைப்பு இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எங்கள் ஊர் கிரவுண்டுக்கு எந்தப் பந்து வாங்க?

இதற்குத்தான் நான் நேரம் எடுத்துப் பதில் சொல்வேன். பந்து வாங்கும் முன் தரையைப் பாருங்கள்.

மலையோரம், உள்நாட்டுப் பகுதிகளில் செம்மண்ணும் சரளைக் கல்லும் கலந்த தரை. அங்கே உலகக் கோப்பை வகையான மெல்லிய பாலியூரித்தேன் பந்தைப் போட்டால் சீக்கிரம் மேல்தோல் உரிந்துவிடும். அந்தப் பந்து ஈரமான, வெட்டிய புல்லுக்காகச் செய்தது. ரப்பர் கலந்த மேற்பரப்பும் 32 துண்டுத் தையலும் உள்ள நிவியா ஸ்டார்ம் மாதிரிப் பந்துதான் புல் இல்லாத கட்டாந்தரைக்குத் தாக்குப் பிடிக்கும். காலுக்குச் சற்றுக் கடினமாக இருக்கும், ஆனால் நாள்பட உழைக்கும்.

கடப்புறத்து மணலுக்கு வேறு யோசனை. மணல் உராய்வு குறைவு, ஆனால் மணல் தையலுக்குள் ஏறி நூலை அறுக்கும். சூடாக்கி ஒட்டிய பந்து இங்கே நல்ல தேர்வு, அல்லது நெருக்கமான தையல் உள்ள பந்து. பீச் சாக்கருக்கென்று தனி விதி உண்டு. எடை 400 முதல் 440 கிராம், காற்றும் சாதாரணப் பந்தைவிடக் குறைவு, ஏனென்றால் அதில் எல்லாரும் வெறுங்காலோடுதான் ஆட வேண்டும். நம்ம பிள்ளைகள் பிறந்ததிலிருந்தே அப்படித்தானே ஆடுகிறார்கள். வெறுங்காலில் ஆடினால் காற்றைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள், கால் விரல் தப்பிக்கும்.

நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கம் போன்ற இடத்தில் மாவட்டப் போட்டிக்குப் போகிற அணி என்றால், ஃபிஃபா குவாலிட்டி முத்திரை உள்ள இரண்டு பந்தாவது தனியாக வைத்துக்கொண்டு, போட்டிக்கு முந்தைய வாரங்களில் அதில் பழக வேண்டும். தினமும் கடினமான பந்தில் ஆடிவிட்டுப் போட்டி நாளில் மட்டும் மென்மையான பந்தைத் தொட்டால் பாஸ் எல்லாம் தூரம் போகும்.

பணம் குறைவாக இருக்கும்போது ஒரு விலை உயர்ந்த பந்தா, ஐந்தாறு நடுத்தரப் பந்தா என்று ஊர்ப் பெரியவர்கள் கேட்டால், தயங்காமல் ஐந்தாறு பந்து என்றுதான் சொல்வேன். 20 பிள்ளைகளுக்கு ஒரே பந்து என்றால் ஒரு மணி நேரத்தில் ஒரு பிள்ளை பந்தைத் தொடுவது மிகக் கொஞ்ச நேரம். குமரிக் கடற்கரையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ் இந்திய சூப்பர் லீக்கில் (ஐஎஸ்எல்) ஜாம்ஷெட்பூர், ஏடிகே அணிகள் வரை போனார். அவர் வழியில் இன்னும் பலர் போக வேண்டுமானால் பிள்ளைகளின் காலில் பந்து நிறைய நேரம் இருக்க வேண்டும்.

பிளாடர் ரப்பர் பாலில் செய்ததா?

குலசேகரம், அருமனைப் பக்கம் உள்ளவர்கள் ஆர்வமாகக் கேட்கும் கேள்வி இது. இரண்டு வகை உண்டு. நம்ம தோட்டங்களில் வெட்டும் அதே ரப்பர் பாலிலிருந்து செய்யும் லேட்டெக்ஸ் பிளாடர் ஒன்று. மென்மையானது, துள்ளல் அருமையாக இருக்கும், ஆனால் காற்று சீக்கிரம் கசியும். பெட்ரோலியத்திலிருந்து வரும் பியூட்டைல் பிளாடர் இன்னொன்று. வாரக்கணக்கில் காற்றைப் பிடித்து வைக்கும், தொடுவதற்குச் சற்று விறைப்பு. ஊர் அணிக்குப் பியூட்டைல் போதும்.

எவ்வளவு காற்று அடிக்க வேண்டும்?

விதியில் உள்ள எல்லையைப் பம்பு மீட்டர் கணக்கில் சொன்னால் 8.5 முதல் 15.6 பி.எஸ்.ஐ. ஒவ்வொரு பந்திலும் வால்வு பக்கத்தில் அதற்கு ஏற்ற அளவு அச்சிட்டிருக்கும், அதைப் பின்பற்றுங்கள். பஞ்சர் கடை கம்ப்ரஸரில் அடிக்காதீர்கள். கார் டயருக்கே 30 பி.எஸ்.ஐ. அளவுதான், அந்த இயந்திரம் கண் மூடித் திறப்பதற்குள் பந்தின் எல்லையைத் தாண்டிவிடும், தையல் விரியும். கைப்பம்பு வாங்குங்கள். ஊசியை ஈரப்படுத்தாமல் ஒருபோதும் செருகாதீர்கள். காய்ந்த ஊசி வால்வைக் கிழிக்கும், அப்புறம் பந்தையே தூக்கிப் போட வேண்டியதுதான்.

வெயிலில் கிடந்த பந்தில் அழுத்தம் தானாகக் கூடும். மத்தியானம் மணலில் பந்தை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கும் அஞ்சாம் நம்பர்தானா?

வேண்டாம். 8 முதல் 12 வயது வரை நாலாம் நம்பர், அதற்கும் கீழே மூணாம் நம்பர். நாலாம் நம்பர் பந்தின் எடை 350 முதல் 390 கிராம். ஏழு வயதுப் பிள்ளை அண்ணன்மார் பந்தை உதைத்தால் கால் வலிக்கும், உதைக்கும் முறையும் கோணலாகும்.

தலையால் முட்டும் பயிற்சியையும் சிறு வயதில் தவிர்ப்பது நல்லது. 2020-ல் இங்கிலாந்தில் 11 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குப் பயிற்சியில் தலையால் முட்டுவதை நிறுத்தச் சொல்லி வழிகாட்டுதல் வந்தது. நம்ம ஊர்ப் பயிற்சியாளர்களும் இதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் உறுதியாகச் சொல்கிறேன்.

ஆட்டத்தின் நடுவே பந்து உடைந்தால்?

நடுவர் ஆட்டத்தை நிறுத்தி, புதுப் பந்தைத் தானே தரையில் விடும் டிராப் பால் முறையில் போட்டுத் தொடங்குவார். கார்னர், ஃப்ரீ கிக், த்ரோ போன்றவற்றின்போது உடைந்தால் அதையே மறுபடி எடுக்க வேண்டும். பெனால்டி அடித்த பந்து யார் மீதும், கம்பத்திலும் படுவதற்கு முன் உடைந்தால் பெனால்டி மறுபடியும் உண்டு. பெரிய போட்டிகளிலும் இது நடக்கும். 2016 ஐரோப்பியக் கோப்பையில் பிரான்ஸ், சுவிட்சர்லாந்து ஆட்டத்தில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் காலை வைத்தபோது பந்து உடைந்தது. ஒன்று நினைவில் இருக்கட்டும்: நடுவர் அனுமதி இல்லாமல் யாரும் பந்தை மாற்ற முடியாது. அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் போட்டிகளில் தோற்கிற அணி பந்தை மாற்றச் சொல்லி மல்லுக்கு நிற்கும்போது இதைக் காட்டுங்கள்.

இறுதியாட்டத்துக்குத் தனிப் பந்தா?

2006 முதல் அப்படி ஒரு வழக்கம் உண்டு. வடிவமும் தரமும் ஒன்றுதான், வண்ணமும் பெயரும் மாறும். 2022-ல் கடைசிக் கட்ட ஆட்டங்களுக்கு அல் ஹில்ம் என்ற பந்து வந்தது. மெஸ்ஸி கோப்பை வாங்கியது அந்தப் பந்தில் ஆடித்தான்.

இந்தியாவில் நடந்த உலகக் கோப்பையில் எந்தப் பந்து?

2017-ல் 17 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பை இங்கே நடந்தது. கொச்சியிலும் ஆட்டங்கள் இருந்தன. கிரசாவா என்ற அடிடாஸ் பந்தில் ஆடினார்கள். இறுதியாட்டம் கொல்கத்தாவில், இங்கிலாந்து 5-2 என ஸ்பெயினை வென்றது.

உப்புத் தண்ணீரில் விழுந்த பந்தை என்ன செய்வது?

கடலில் விழுந்த பந்தை அப்படியே வெயிலில் காய வைக்கக்கூடாது. தண்ணீர் வற்றினாலும் உப்பு தையலுக்குள் தங்கிவிடும், மணலோடு சேர்ந்து நூலை அரிக்கும். அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவுங்கள். பழைய பல் துலக்கும் பிரஷால் தையல் இடுக்கில் உள்ள மணலைத் தட்டி எடுங்கள். சோப்புத் தூள் வேண்டாம். துணியால் துடைத்து நிழலில் காய வையுங்கள். பாலியூரித்தேன் மேல்தோல் சூடும் ஈரமும் சேர்ந்தால் நாளடைவில் பிசுபிசுத்து உரியும், அதனால் ஈரப் பந்தை சாக்கில் கட்டி வலைப் புரையில் போட்டு வைக்காதீர்கள். வாரக்கணக்கில் ஆடப் போவதில்லை என்றால் காற்றைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள், முழுக்க இறக்க வேண்டாம். தையல் ஓரிடத்தில் விட்டால் உடனே தைத்துவிட வேண்டும். வலை கட்டத் தெரிந்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், மெழுகிட்ட நைலான் நூலும் வளைந்த ஊசியும் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் பந்தைத் திரும்ப ஆட வைத்துவிடுவார்கள். பிளாடரில் ஊசி படாமல் பார்த்துக்கொள்ள, தைக்கும் முன் காற்றை முழுவதும் இறக்கிவிடச் சொல்லுங்கள்.